காலியாக இருக்கக் கூடாத நாற்காலி

எங்கள் கடையில் உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னார்கள் என்று நான் எழுதினால் முதலாளி மேல் வீண்பழி போட்டதாகிவிடும். உட்கார எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நாலு மாடித் துணிக்கடை. துணி எடுக்க வரும் பெண்களுடன் வரும் கணவர்மாருக்கு மாடிக்கு ஒரு சோபா உண்டு. அதில் அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். முதலாளிக்குச் சுழல் நாற்காலி உண்டு. வாசலில் இருக்கும் பிளாஸ்டிக் பூந்தொட்டிக்குக்கூட ஒரு முக்காலி உண்டு. விற்பவர்களுக்குக் கால்கள் உண்டு.

சாய்வதும் ஆகாது. அலமாரியில் தோள் பட்டாலே எங்கள் மேற்பார்வையாளர் எங்கிருந்தாவது விரலைச் சொடுக்குவார். பேச மாட்டார். அதனால் அவருக்குச் சொடக்கு என்று பெயர். மூன்றாம் மாடியில் அவர் சொடுக்கினால் தரைத்தளத்தில் நிற்பவளுக்கும் முதுகு நிமிரும்.

நான் மூன்றாம் மாடியில் டவல் பிரிவு. எங்களுக்குள் பிரிவுதான் பெயர். என்னை எல்லோரும் டவல் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் பக்கத்துப் பிரிவு கர்ட்டன் அக்கா. ஜன்னல் அளவைக் காதால் கேட்டே எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடுவார். பெரிய திறமைதான், ஆனால் அதையும் நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும்.

அக்காவின் கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தது. கணுக்காலுக்கு மேல் ஒரு புண். முதலில் பொட்டு அளவில் இருந்தது, பிறகு பொத்தான் அளவுக்கு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு மருந்து ஒன்றும் பெரிதாக எழுதவில்லையாம்.

"உக்காருங்கம்மா, அதான் மருந்து. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது உக்காந்து காலை நீட்டுங்க. இல்லேன்னா இந்தப் புண் ஆறாது. அப்புறம் வேலையே செய்ய முடியாமப் போயிடும்" என்றாராம்.

அக்காவின் கணவர் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர், வீட்டோடு இருக்கிறார். மகள் நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். "அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்தக் காலு தாங்கினாப் போதும்டி டவலு. அதுக்கப்புறம் இது எப்படியோ போகட்டும்" என்பார். கால் ஏதோ வாடகைக்கு எடுத்தது மாதிரி பேசுவார். எனக்கு எரிச்சலாக வரும். யார் மேல் என்றுதான் தெரியாது.

இந்த நேரத்தில்தான் சட்டம் வந்தது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமை உண்டு, முதலாளி நாற்காலி தர வேண்டும் என்று. பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அக்கா அன்று கடைக்குள் நுழைந்தபோது முகமே வேறாக இருந்தது. நேராகச் சொடக்கிடம் போய்க் கேட்டுவிட்டார்.

சொடக்கு அன்றுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "உரிமை இருக்கும்மா. யாரு இல்லேன்னா? ஆனா உரிமைன்னு ஒண்ணு இருந்தா கடமைன்னும் ஒண்ணு இருக்கும்ல? அது என்னன்னு முதலாளி யோசிச்சுச் சொல்லுவாரு. அதுவரைக்கும் நில்லுங்க."

முதலாளி கொஞ்ச காலம் யோசித்தார். பிறகு நாற்காலி வந்தது.

ஒரு நாற்காலி. நாலு மாடிக்கும் சேர்த்து. தரைத்தளத்தில் பலூன் கட்டி, நாற்காலிக்குச் சிவப்பு ரிப்பன் சுற்றி, தொழிலாளர் நல அதிகாரியைத் திறந்து வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலியை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அவர் ரிப்பனை வெட்டிவிட்டு அதில் உட்கார்ந்தார். அப்படித்தான் திறப்பார்கள் போலிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கைதட்டினோம்.

முதலாளி பேசினார். "என் ஊழியர்கள் எனக்கு வெறும் ஊழியர்கள் இல்ல. என் குடும்பம். வீட்ல எப்படி இருக்கேனோ அப்படித்தான் இங்கயும். வேணும்னா என் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க." அவருடைய சம்சாரம் பூங்கொத்துத் தட்டை ஏந்திக்கொண்டு ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

அதிகாரி உட்கார்ந்தபடியே மைக்கை வாங்கினார். "சகோதரிகளே, இந்த நாற்காலி என்னோடது இல்ல. உங்களோடது" என்று அதன் கைப்பிடியில் தட்டினார். "இந்தத் துறைக்கு வந்த நாள்லேர்ந்து உங்களுக்காகத்தான் போராடிக்கிட்டு இருக்கேன். என் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருச்சதா யாராவது சொல்லட்டும்! அவ்வளவு வேலை. உட்காருறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. இனிமே தெரிஞ்சுக்குவீங்க. அதனாலதான் இதை உரிமைன்னு மட்டும் சொல்லாம பொறுப்புன்னும் சட்டம் சொல்லுது."

பேச்சு நீண்டது. அக்கா ஒரு காலைத் தூக்கி மறுகாலின் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். சொடக்கு சொடுக்கினார். அக்கா காலைக் கீழே வைத்தார்.

மறுநாள் நாற்காலியை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தார்கள். அக்காதான் கேட்டவர் என்பதால் அந்த மரியாதை. கர்ட்டன் பிரிவின் எதிர்ச்சுவர் ஓரம் வைத்தார்கள். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு. கழற்றினால் கியாரண்டி போய்விடும். பக்கத்தில் ஒரு பலகை மாட்டினார்கள், ஊழியர் உரிமைகளும் கடமைகளும் என்று. உரிமை ஒரு வரியில் முடிந்துவிட்டது. கடமைக்குப் பலகை போதாமல் கீழே இன்னொரு பலகை சேர்க்க வேண்டியிருந்தது.

அதில் இருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். வாடிக்கையாளர் இருக்கும்போது உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாதபோது கலைந்த துணியை மடிக்க வேண்டும், ஆகவே அப்போதும் உட்காரக் கூடாது. துணியும் மடித்தாகி, வாடிக்கையாளரும் இல்லையென்றால் உட்காரலாம். ஆனால் அப்படி ஒரு நிலை வந்தால் அந்தப் பிரிவில் வியாபாரம் இல்லை என்று பொருள், அதற்கு விளக்கம் தர வேண்டும். களைப்பு வருமுன் களைப்பு வரப்போவதாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் வந்த களைப்புக்குக் கடை பொறுப்பில்லை.

இதெல்லாம் போதாதென்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பும் நடந்தது. பாதுகாப்பாக உட்காருவது எப்படி என்று. எங்கிருந்தோ ஒரு பயிற்சியாளர் வந்தார், கழுத்தில் டை. வகுப்பு காலையிலிருந்து மத்தியானம் வரை. உட்காரும் உரிமை பற்றிய வகுப்பு முழுவதையும் நாங்கள் நின்றுகொண்டே கேட்டோம், நாற்காலி ஒன்றுதானே இருக்கிறது. அவர் அதில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். "முட்டியைக் கவனிங்க. இடுப்பைக் கவனிங்க. உட்காரும்போது மனசுல நன்றி உணர்வு இருக்கணும், இல்லேன்னா முதுகு வலிக்கும்" என்றார். நாங்கள் கவனித்தோம். கடைசியில் எங்களுக்கு உட்காரத் தெரியும் என்று ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார். அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாராம். கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம், அந்த விபத்துக்குப் பிறகு முதல்முறையாக. அந்த வகையில் சட்டத்தால் ஒரு நன்மை நடந்தது என்று சொல்ல வேண்டும்.

ஒருநாள் மழை. கடையில் ஈ காக்கை இல்லை. அக்கா எல்லாத் துணியையும் மடித்துவிட்டு, களைப்பு வரப்போகிறது என்று சொடக்கிடம் முறைப்படி தெரிவித்துவிட்டு, மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிறீச்சென்றது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், அந்த மூச்சு அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றிலிருந்து உள்ளேயே இருந்திருக்க வேண்டும்.

அப்போது ஒரு அம்மாள் குடையை உதறிக்கொண்டு மாடிப்படியேறி வந்தார். "இங்க ஆளு யாரும் இல்லையா?" என்றார். மழைக்கு ஒதுங்கியவர்தான், எதுவும் வாங்கவில்லை.

அக்கா மேல் விசாரணை நடந்தது. முதலாளியின் அறையில் முதலாளியும் சொடக்கும். சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"களைப்பு வந்ததுக்கு அப்புறம் உக்காந்தீங்களா, உக்காந்ததுக்கு அப்புறம் களைப்பு வந்துச்சா?" என்று முதலாளி கேட்டார்.

"கால் வலிச்சுதுங்க ஐயா. அதான் உக்காந்தேன்."

"கால் வலின்னு பலகையில இல்லையே. களைப்புன்னுதானே இருக்கு? நீங்க களைப்புக்குன்னு அனுமதி வாங்கிக்கிட்டு வலிக்கு உக்காந்திருக்கீங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொடக்கைப் பார்த்தேன். சொடக்கு கூரையைப் பார்த்தார்.

"உக்காந்தப்ப நன்றி உணர்வு இருந்துச்சா?" என்றார் முதலாளி.

"இருந்துச்சுங்க" என்றார் அக்கா. அது உண்மை. நான் பார்த்தேன்.

"அப்ப இந்தத் தடவை மன்னிக்கிறேன். இனிமே உரிமையைக் கண்ட நேரத்துல எடுத்து வீணாக்காதீங்க. ஒரு அவசரத்துக்குன்னு பத்திரமா வச்சுக்குங்க."

அதற்குப் பிறகு யாரும் நாற்காலிப் பக்கம் போகவில்லை. தூசி படிந்தது. அக்காவின் கட்டு தடித்துக்கொண்டே போனது. கட்டை மாற்றக் கழிப்பறையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார், நான் குனிந்து சுற்றிவிடுவேன். அந்த வாடையைச் சொல்ல வேண்டாம்.

பிறகு அதிகாரி சோதனைக்கு வந்தார். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. உறையில் விரலால் தேய்த்துத் தூசியை முதலாளியிடம் காட்டினார்.

"என்ன சார் இது? காலியா இருக்கு! நாற்காலி காலியா இருந்தா உரிமை மறுக்கப்படுதுன்னு அர்த்தம். அடுத்த தடவை நான் வர்றப்ப இதுல ஆள் உக்காந்திருக்கணும். இல்லேன்னா கடையைச் சீல் வைக்க வேண்டியிருக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதிகாரி போன பிறகும் முதலாளிக்கு வியர்த்தது. எனக்கோ உள்ளுக்குள் குதியாட்டம். அக்கா முன்னால் ஓர் அடி வைத்தார். கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பேசுகிறவர் மாதிரி, "ஐயா, வேணும்னா நான் உக்காந்துக்கறேன்" என்றார்.

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். நன்றாக யோசித்தார். அந்த நேரம் முழுவதும் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க உக்காந்துட்டா கர்ட்டனை யாரு விப்பா?" என்றார் முதலாளி.

கேள்வி நியாயமானதுதான். அக்கா முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்தார். பதில் சொடக்குக்குத் தெரிந்தது. அவர் கீழே போய், கண்ணாடிக்குப் பின்னால் உடுப்பு மாட்டி வைக்கிற பொம்மைகளில், முட்டி மடங்கி உட்காருகிற மாதிரி செய்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். துணிக்கடையில் பொம்மைக்கா பஞ்சம்! அதை நாற்காலியில் வைத்ததும் அச்சாகப் பொருந்தியது. முதுகு நேர், கால் மேல் கால், முகத்தில் நன்றி உணர்வு. பயிற்சியாளர் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

ஊழியர் என்றால் சீருடை வேண்டுமே. அக்காவின் மாற்றுக் கோட்டை வாங்கிப் பொம்மைக்கு மாட்டினார்கள். அடையாள அட்டை இல்லாத ஊழியர் சட்டப்படி ஊழியரே இல்லை. அதனால் அக்காவின் அட்டையையும் கழற்றி அதன் நெஞ்சில் குத்தினார்கள். "சும்மா சோதனை முடியற வரைக்கும்தான்மா" என்றார் சொடக்கு.

சோதனை வந்தது. அதிகாரி பொம்மையின் முன்னால் போய் நின்றார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்திருக்கும். ஆனால் அவர் பார்க்க வந்தது நாற்காலி காலியாக இருக்கிறதா என்பதை. அது காலியாக இல்லை.

"வசதியா இருக்காம்மா?" என்று குனிந்து கேட்டார்.

பொம்மை ஒன்றும் சொல்லவில்லை.

"நிர்வாகத்தால ஏதாவது தொந்தரவு உண்டா? பயப்படாம சொல்லுங்க. நான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு புகார் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, எதிரே கட்டுப்போட்ட காலோடு நின்றுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். "பாத்தீங்களாம்மா? உரிமையை எவ்வளவு அமைதியா, பொறுப்பா அனுபவிக்கிறாங்க! இவங்களைப் பாத்துக் கத்துக்கணும்" என்றார்.

"சரிங்க" என்றார் அக்கா. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் நானும்தான் பேசாமல் டவலை மடித்துக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிந்தும் பொம்மை போகவில்லை. அடுத்த சோதனை எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். காலையில் அதற்குத் தூசி தட்டுவது அக்காவின் வேலையில் சேர்ந்தது.

ஒரு மத்தியானம், சொடக்கு சாப்பிடப் போன நேரம், அக்காவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "டவலு, என்னால முடியலடி" என்றார். அதற்கு முன் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. பொம்மையைக் கட்டித் தூக்கி, தொங்குகிற கர்ட்டனுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தேன். கோட்டு ஒன்றேபோல்தானே! தலையைத் திருப்பாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அக்கா காலை நீட்டினார். முகத்தில் மெல்ல ரத்தம் வந்தது.

படியில் பேச்சுக் குரல் கேட்டது. முதலாளி. கூடவே அதிகாரியும், பக்கத்து ஊர்க் கடை முதலாளிகள் சிலரும், பின்னால் சொடக்கும். எங்கள் கடையை முன்மாதிரிக் கடை என்று அறிவித்திருந்தார்களாம், அதைச் சுற்றிக்காட்ட வந்திருந்தார்கள்.

அக்கா எழ நேரமில்லை. முதுகை நிமிர்த்தினார். பார்வையை எதிர்ச்சுவரில் குத்திவைத்தார். மூச்சை நிறுத்திக்கொண்டார். அசையாமல் இருக்கும்வரை உட்கார்ந்திருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இதுதான் சார் அந்த நாற்காலி. ஒரு நிமிஷம் காலியா இருக்க விடுறதில்ல" என்றார் முதலாளி. எல்லோரும் கிட்ட வந்து பார்த்தார்கள்.

"பொம்மைங்களா?" என்று ஒருவர் காதோடு கேட்டார்.

"நிஜம் மாதிரியே இருக்குல்ல?" என்றார் முதலாளி.

"கண்ணுல தண்ணி நிக்கிற மாதிரியே பண்ணியிருக்கான் பாருங்க" என்று அதிகாரி வியந்தார். "என்னா வேலைப்பாடு!"

முதலாளியின் பார்வை கீழே இறங்கியது. நீட்டிய காலில் நின்றது. கட்டு நனைந்து மஞ்சளாகியிருந்தது. அவர் மூக்கைச் சுளித்தார்.

"கால் கெட்டுப்போச்சேய்யா இதுக்கு. பாக்கவே அசிங்கமா இருக்கு. வேற மாத்திடு" என்று சொடக்கிடம் சொன்னார்.

சொடக்கு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒரு விநாடி அவர் வாய் திறந்தது. பிறகு, "சரிங்கய்யா" என்றார். அவர்கள் அடுத்த மாடிக்கு ஏறிப்போனார்கள். கடைசி ஆளின் செருப்புச் சத்தம் மறையும்வரை அக்கா கண் இமைக்கவில்லை. இமைத்ததும் தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கியது.

சொடக்கு உத்தரவை மீறுகிறவர் இல்லை. நாற்காலியில் யார் இருந்தாரோ அவரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை வாசலில் விரல் வைக்கிற மெஷின் அக்காவின் விரலை எடுத்துக்கொள்ளவில்லை. துடைத்து வைத்தார், வேறு விரலை வைத்தார். சொடக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. போய் நல்லா உக்காருங்க" என்றார். கேலி இல்லை. அவர் குரல் உடைந்துதான் இருந்தது. அதனால் யாருக்கு என்ன லாபம்?

அன்று நான் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அக்காவோடு அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் முன்னால் போட்டிருந்த இரண்டு நாற்காலிகளிலும் கோப்புகள் உட்கார்ந்திருந்தன. நாங்கள் நின்றோம்.

"வேலையை விட்டு எடுத்துட்டாங்களா? எந்தப் பிரிவு?"

"கர்ட்டனுங்க. மூணாவது மாடி."

அவர் கோப்பைப் புரட்டினார். புருவம் சுருங்கியது. "கர்ட்டன் பிரிவு ஊழியர் வேலையில இருக்காங்களேம்மா. நானே நேர்ல பாத்தேன். அட்டையைச் சரிபாத்து எழுதியிருக்கேன். உக்காந்திருக்காங்க, புகார் எதுவும் இல்லை. நேத்தும் பாத்தேன்."

"சார், நேத்து நீங்க பாத்தது இவங்களைத்தான்!" என்று நான் கத்திவிட்டேன்.

"அப்ப உக்காந்திருந்தாங்கதானே? அப்புறம் என்ன புகார்?" என்றார். "சரி, நீங்கதான் அவங்கன்னு வச்சுக்குவோம். அட்டை எங்க?"

அக்கா தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். குண்டூசி குத்திய ஓட்டை மட்டும் இருந்தது.

"இன்னொருத்தங்க பேரைச் சொல்லிப் புகார் குடுக்கறது குற்றம். ஏதோ வயசானவங்கன்னு விடறேன். போங்கம்மா, நிக்காதீங்க."

வெளியே வந்து நடைபாதை ஓரத்துக் கட்டையில் அக்கா உட்கார்ந்தார். காலை நீட்டினார். யாரும் சொடுக்கவில்லை. "மகளோட படிப்பு இன்னும் முடியலையேடி" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

பொம்மையை நான்தான் திரும்ப நாற்காலியில் வைத்தேன். சொடக்கு வைக்கச் சொன்னார், வைத்தேன். அதன் காலில் ஒரு குறையும் இல்லை. கோட்டும் அட்டையும் அதனிடமே இருக்கின்றன.

அடுத்த வாரம் கர்ட்டன் பிரிவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண், நல்ல கால்கள். மத்தியானம் வரை நின்றாள். பிறகு சொடக்கு இல்லாத நேரம் பார்த்து மெல்ல என்னிடம் நகர்ந்து வந்தாள். இடையில் தொங்குகிற கர்ட்டனால், அவள் நிற்கிற இடத்திலிருந்து நாற்காலியில் இருப்பதன் தோளும் கோட்டும்தான் தெரியும்.

"அக்கா, காலையிலேர்ந்து பாக்கறேன், அவங்க எழுந்திருக்கவே இல்லையே. யாருக்கா அவங்க?"

"அவங்கதான் கர்ட்டன் அக்கா" என்றேன்.

"குடுத்து வச்சவங்க" என்றாள் அவள், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றபடி.